நாற்றம் போன வழி

— சால்வை வேண்டாம் என்று நான் சொல்வதைத் தாங்கள் அவமரியாதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது, முனிவேல் ஐயா.

— எடுத்துக்கவே மாட்டேன், சத்யப்ரியா மேடம். ஏன்னா சால்வை வாங்கியாச்சு. நோட்டீஸ் அடிச்சாச்சு. எங்க லேஅவுட் முக்குல ‘நாற்றம் நீக்கிய நாயகி’ன்னு பேனர் கட்டியாச்சு. அவ்ளோதான் விஷயம்.

— நாயகியா?

— அது பேனர் கடைக்காரன் போட்டது. எங்க குடியிருப்போர் சங்கத்துல ‘நலம் விரும்பி’ன்னுதான் முடிவு பண்ணோம். அதெல்லாம் எடுபடாதுன்னுட்டான். உங்க போட்டோ கேட்டான், கெடைக்கல. இந்த ப்ளான்ட் கேட்டை போட்டோ புடிச்சு வட்டமா வெட்டிப் போட்டுட்டான். பாக்க நல்லாத்தான் இருக்கு.

— ஐயா, நான் இந்தக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பொறுப்பேற்று மூன்று மாதங்கள்தான் ஆகின்றன. இங்கே நாற்றம் நின்றுபோனதற்கு நான் காரணம் அல்ல என்பதைத் தாழ்மையுடன்...

— இந்தத் தாழ்மைதான் மேடம் எங்களுக்குப் புடிச்சது. நீங்க பேசறதே ரேடியோவுல நியூஸ் வாசிக்கற மாதிரி இருக்கு. உங்களுக்கு முன்னாடி ஒரு இன்ஜினியர் இருந்தாரே, அவர் என்ன பண்ணாருன்னு தெரியுமா?

— ரோஜா மணம் தெளித்தார் என்று கேள்விப்பட்டேன்.

— தெளிச்சாரா? சுவத்து மேல பீரங்கி மாதிரி மெசினுங்கள வரிசையா வச்சு புஸ்ஸு புஸ்ஸுனு அடிச்சாரு. ஓசூர் ரோஜா உலகம் பூரா போவுது, ஊருக்கு ஏத்த வாசனைன்னாரு. சாக்கடைக்கு மாலை போட்டு மணவறையில உக்கார வச்ச மாதிரி ஒரு வாசனை மேடம். அதுக்கு முன்னாடியாவது நாத்தம் நாத்தமா இருந்துச்சு. அப்பறம் எங்க தெருப் பொம்பளைங்க தலையில ரோஜா வைக்கறதையே விட்டுட்டாங்க. பூக்காரம்மா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கறதே இல்ல.

— மிகவும் வருந்துகிறேன்.

— நீங்க எதுக்கு சும்மா சும்னே வருந்தறீங்க? இன்னும் கேளுங்க. மோந்து பாக்கற குழுன்னு ஒண்ணு வந்துச்சு. காத்து கர்நாடகா பக்கம் அடிக்கற நாளாப் பாத்து வந்தாங்க. அன்னிக்கு நாத்தம் பூரா எல்லை தாண்டி அத்திப்பள்ளி பஸ் புடிச்சுப் போயிருச்சு. இவங்க மூக்கை நீட்டி ரெண்டு தரம் இழுத்துட்டு, தமிழ்நாட்டு எல்லைக்குள்ள நாத்தம் இல்லைன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க.

— ஐயா, தாங்கள் அனுமதித்தால் ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

— மேடையில சொல்லுங்க. அதுக்குத்தானே விழா. ஞாயித்துக்கெழமை சாயந்திரம் விழா. காலையில எங்க வீட்ல என் பொண்ணு அனுப்ரியாவுக்கு நிச்சயதார்த்தம். ரெண்டுக்கும் ஒரே பந்தல், ஒரே சமையல். நீங்க ரெண்டுக்கும் வரணும். ஏன்னா ரெண்டும் உங்களாலதான் நடக்குது.

— நிச்சயதார்த்தம் எப்படி என்னால்?

— போன வருசம் இதே மாப்ளை வீட்டுக்காரங்க பொண்ணு பாக்க வந்தாங்க. பையன் நவீன்குமார், தங்கமான பையன். ரோஜாத் தோட்டம் வச்சிருக்காங்க. அவங்கப்பா கேசரித் தட்டைக் கையில வாங்கினாரு. அந்த நேரம் பாத்து இங்கருந்து ஒரு காத்து. தட்டைக் கீழ வச்சவர் கர்ச்சீப்பை எடுத்து மூஞ்சியில வச்சாரு. ‘வீட்ல கலந்து பேசிட்டு சொல்றோம்’னாரு. கலந்து பேச வேண்டிய வீட்டம்மா அவர் பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க மேடம். என் பொண்ணு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிச்சு. அன்னிக்கு அவ அழுத சத்தம் இன்னிக்கும் என் காதுல இருக்கு.

— இப்போது சம்மதித்துவிட்டார்களா?

— போன வாரம் அவங்களே தேடி வந்தாங்க. மாப்ளையோட அப்பா எங்க மொட்டை மாடியில நின்னு மூச்சை இழுத்து இழுத்து விடறாரு. கீழ சாப்பாடு ஆறுது, மனுசன் எறங்கவே மாட்டேங்கறாரு. எங்க வீட்டுக் காத்தை அப்டி யாரும் ரசிச்சது கெடையாது. ‘எப்டிங்க இங்க நாத்தம் போச்சு’ன்னாரு. நான் உங்க பேரைத்தான் சொன்னேன். இருங்க, வீட்லருந்து போன். லேத்துப் பட்டறையில காது மந்தமாப் போச்சு எனக்கு, ஸ்பீக்கர்ல போட்டுக்கறேன். சொல்லு, செல்வம்மா.

— ஏங்க, எங்க இருக்கீங்க?

— ப்ளான்ட்ல. மேடத்துக்கு அழைப்பு வைக்கறேன்.

— மாப்ளை வீட்ல பேசினாங்க. ஞாயித்துக்கெழமை காலையில வர்றதா இருந்தவங்க சனிக்கெழமை மத்தியானமே வந்துடறாங்களாம். சொந்தக்காரங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு. ராத்திரி நம்ம வீட்லயே தங்கறாங்களாம்.

— பாரு, எவ்ளோ ஆசை அவங்களுக்கு.

— ஆசை சரிதான். பாயி, தலவாணிக்கு எங்க போறது? எதுத்த வீட்டு ரேவதிகிட்ட கேக்கறேன். வைங்க.

— கேட்டீங்கல்ல மேடம்? போன வருசம் அரை மணி நேரம் உக்கார முடியாதவங்க, இப்ப ஒரு நாள் முன்னாடி வர்றாங்க. இப்பச் சொல்லுங்க, சால்வை வேணாமா?

— ஐயா, தயவுசெய்து உட்காருங்கள். இதை நான் பலமுறை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துவிட்டேன். இங்கே இருந்த இரண்டு ப்ளோயர்களும் எரிந்துவிட்டன.

— ப்ளோயருன்னா?

— தொட்டிக்குள் காற்றை ஊதும் இயந்திரம். காற்று கிடைத்தால்தான் கழிவைத் தின்கிற நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்கும். காற்று நின்றால் அவை இறந்துபோகும். கழிவு அழுகும். நாற்றம் முன்பைவிடக் கூடும்.

— கூடலையே.

— அதைத்தான் ஐயா சொல்ல முயல்கிறேன்.

— அப்ப மெசினே இல்லாம நாத்தத்தை நிறுத்தியிருக்கீங்க. இதுக்குத்தான் படிச்சவங்க வேணுங்கறது. இந்தாங்க, இந்த பாட்டிலைப் பாருங்க. உங்க ஆபரேட்டர் கௌஸ் மொய்தீன் பாய்கிட்ட கேட்டு, தொட்டியில இருந்து நானே மொண்டது. கண்ணாடி மாதிரி இருக்கு. மேடையில வைக்கப் போறோம். சங்கத் தலைவருங்கற முறையில ஒரு வாய் குடிச்சே காட்டலாம்னு இருக்கேன்.

— குடிக்கலாம் ஐயா. கொதிக்க வைத்துக் குடித்தால் நல்லது. அது மழைத் தண்ணீர்.

— என்னது?

— போன வாரம் பெய்த மழை. தொட்டி காலியாக இருந்ததால் நிறைந்துவிட்டது. தவளைகள்கூட வந்துவிட்டன. கௌஸ் மொய்தீன் அவர்கள் தங்களிடம் சொன்னாராம். தாங்கள் சிரித்துவிட்டு மொண்டுகொண்டு போனீர்களாம்.

— பாய் எப்பவும் தமாஸ் பண்ணுவாருன்னு நெனச்சேன். தொட்டி எதுக்கு மேடம் காலியா இருக்கணும்? எங்க லேஅவுட்டு வீடுங்கள்ல இருந்து தெனம் தண்ணி போவுதே. பாத்ரூம் பூட்டியா வச்சிருக்கோம்?

— போகிறது. இந்த நிலையத்தின் வாசல்வரை வருகிறது. வாசலில் மதகை இறக்கி அடைத்துவிட்டோம். இரண்டு மாதங்களாக ஒரு குடம்கூட உள்ளே வரவில்லை. பக்கத்து வாய்க்கால் வழியாக அப்படியே கீழே, அந்தப்...

— இருங்க. எங்க போவுதுன்னு சொல்லாதீங்க.

— மன்னிக்க வேண்டும், புரியவில்லை.

— தெரிஞ்சுக்கிட்டா, தலைவருங்கற முறையில நான் ஏதாவது செய்யணும். தெரியாம இருந்தா சால்வை மட்டும் போத்தினாப் போதும்.

— இது தற்காலிக ஏற்பாடு என்றுதான் தலைமை அலுவலகத்தில் சொன்னார்கள். புதிய ப்ளோயர் கேட்டு எழுதினேன். புகார் ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை, பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன். தங்கள் சங்கம் அனுப்பியது.

— நாந்தான் எழுதினேன். ‘பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய’ன்னு ஒரு வரி வரும்.

— ஆம், அந்த வரியை அங்கே எல்லோரும் மிகவும் ரசித்தார்களாம். மக்கள் மகிழ்ச்சியாக இருக்கும்போது ப்ளோயர் எதற்கு என்று கேட்டுவிட்டார்கள். இயந்திரம் ஓடவில்லை, மின்கட்டணம் இல்லை, நாற்றமும் இல்லை. இந்த வழிமுறையை மற்ற ஊர்களிலும் பின்பற்றலாமா என்று என்னிடம் ஒரு குறிப்பு வேறு கேட்டிருக்கிறார்கள்.

— புத்திசாலிங்க.

— ஐயா, தங்களிடம் ஓர் உதவி கேட்கலாமா? கேட்பதற்கே கூச்சமாக இருக்கிறது. தங்கள் சங்கத்தின் சார்பில் ஒரு புகார் வேண்டும்.

— யார் மேல?

— என் மேல். இந்த நிலையம் இயங்கவில்லை என்று. புகார் வந்தால் ப்ளோயர் வரும். நான் மதகைத் திறந்துவிடுவேன்.

— தெறந்தா?

— புதிய இயந்திரம் ஓடும்வரை, சில வாரங்கள்... கொஞ்சம் நாறும்.

— பத்து வருசமாப் புகார் எழுதி எழுதி எங்க கை ஓஞ்சு போச்சு. அப்பல்லாம் யாரும் படிக்கல. இப்ப மணக்குது, வந்து புகார் குடுங்கறீங்க. மேடம், நான் சிரிக்கறதா அழுவறதா?

— தாங்கள் எதைச் செய்தாலும் எனக்குச் சம்மதம். கையெழுத்து மட்டும் போட்டுவிடுங்கள்.

— ஞாயித்துக்கெழமை எம்பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். போன வருசம் கேசரித் தட்டைக் கீழ வச்சவர் மறுபடி வர்றாரு. அவர் தட்டைக் கையில எடுக்கற நேரம் பாத்து நான் நாத்தத்தைத் தெறந்து விடச் சொல்லணுமா?

— திங்கட்கிழமை வேண்டுமானால்?

— தை மாசம் கல்யாணம்.

— தை முடிந்த பிறகு?

— அப்பறம் மறுவீடு, தலை தீபாவளி, வளைகாப்பு. பேரனுக்குப் பேர் வச்சு, காது குத்தி முடிச்சுட்டு சொல்லி அனுப்பறேன்.

— ஞாயிற்றுக்கிழமை விழாவுக்குத் தலைமை அலுவலக அதிகாரி ஒருவரும் வருகிறார், ஐயா. இதை முன்மாதிரி நிலையம் என்று மேடையில் அறிவிக்கப் போகிறார். அந்தச் சால்வை என் தோளில் விழுந்துவிட்டால் இந்த மதகு இனி எப்போதுமே திறக்காது. ஆகவேதான் இன்றைக்கே கேட்கிறேன். இவ்வளவு பிடிவாதமாக நான் யாரிடமும் பேசியதில்லை, மன்னிக்க வேண்டும்.

— உங்களுக்கு என்ன மேடம் கொறைஞ்சு போச்சு? உங்களைத் திட்டறவன் யாரும் இல்ல. ஊரே கும்புடுது.

— நேற்று அந்த வாய்க்கால் ஓரமாகவே நடந்து போய்ப் பார்த்தேன். தண்ணீர் கறுத்து, மேலே முழங்கால் உயரத்துக்கு நுரை. ஒரு வீட்டில் ஜன்னல்களை எல்லாம் பாலித்தீன் ஒட்டி அடைத்திருந்தார்கள். வாசலில் ஓர் அம்மா பூக்கட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தாகமாக இருக்கிறது என்றதும் எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். என்னால் அதை வாயருகே கொண்டுபோக முடியவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் கோபப்படவில்லை. யாரம்மா நீ என்று கேட்டார்கள். வழியோடு போகிறவள் என்று பொய் சொன்னேன்.

— எந்த ஊர்னு சொல்லலையே நீங்க?

— சொல்ல வேண்டாம் என்று தாங்கள்தான்...

— ஆமா, சொல்லாதீங்க. மேடம், நான் கெட்டவன் இல்ல. நாங்க பத்து வருசம் மோந்தோம். எந்த ஊர்க்காரனாவது வந்து, ஐயோ பாவம் முனிவேலுன்னு கேட்டானா? இப்ப அவங்க முறை. அவங்களுக்கும் ஒரு சங்கம் இருக்கும், தலைவர்னு ஒருத்தன் இருப்பான். உக்காந்து எழுதட்டும். எழுத்து வரலன்னா எங்க பழைய புகாரையே தர்றேன், பேரை மட்டும் மாத்திக்கச் சொல்லுங்க.

— அவர்கள் எழுதி, இங்கே யாராவது படித்து...

— பத்து வருசம் ஆவும். எங்களுக்கு ஆச்சே. அவ்ளோதான் விஷயம். பாருங்க, மறுபடி வீட்லருந்து. சொல்லு செல்வம்மா, பாய் கெடைச்சுதா?

— பாயை விடுங்க. சம்பந்தியே பேசினாரு. கல்யாண மண்டபத்தையும் நம்ம பக்கமே பாக்கச் சொல்றாரு.

— மாப்ளை வீட்டுப் பக்கம் வைக்கறதுதானே அவங்க வழக்கம்? கேட்டுக்கங்க மேடம், நம்ம ஏரியாவுக்கு எவ்ளோ மரியாதைன்னு.

— முழுசாக் கேளுங்க. கல்யாணம் ஆனதும் பொண்ணும் மாப்ளையும் நம்ம மாடியிலயே இருக்கட்டுமான்னு கேக்கறாரு.

— வீட்டோட மாப்ளையாவா? ரோஜாத் தோட்டத்தை யார் பாக்கறது?

— தோட்டத்துலதான் வெனையே. ரெண்டு மாசமா அவங்க வாய்க்கா தண்ணி கறுப்பா வருதாம். செடியெல்லாம் கருகுதாம். வீட்டுக்குள்ள உக்காந்து ஒரு வாய் சோறு திங்க முடியலயாம். ஜன்னலுக்கெல்லாம் பாலித்தீன் ஒட்டி வச்சிருக்காங்களாம். அந்த வீட்டுக்கு எப்டி மருமவளைக் கூட்டிக்கிட்டு வர்றதுன்னு சம்பந்தியம்மா போன்லயே அழுதுருச்சு.

— என்ன ஒட்டி வச்சிருக்காங்க?

— பாலித்தீன். காதுல விழுதா இல்லையா? நேத்து யாரோ வழிப்போக்கப் பொண்ணு ஒண்ணு தண்ணி கேட்டுச்சாம். சொம்பை வாங்கி, குடிக்க முடியாம அப்டியே குடுத்துட்டுப் போயிருச்சாம். வந்த மனுசருக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க முடியாத வீடாப் போச்சேன்னு சொல்லிச் சொல்லி அழுவுது. ஏங்க? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன்.

— அந்த மேடம் இன்னும் அங்கதான் இருக்காங்களா?

— எதுத்தாப்ல உக்காந்திருக்காங்க.

— அப்ப இப்பவே கேட்டுருங்க. ஞாயித்துக்கெழமை மேடையில சம்பந்தியும் மேடத்துக்கு ஒரு சால்வை போத்தறாராம். நம்ம ஊர்ல என்ன பண்ணி நாத்தத்தைப் போக்கினாங்களோ, அதையே அவங்க ஊர்லயும் வந்து பண்ணித் தரணுமாம்.