விட்டு வாசித்த வரிகள்

என் கடையில் புளி நன்றாக இருக்கும் என்று ராயபுரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஐயா. ஊரிலிருந்து நேரே வரவழைக்கிறேன். காசிமேட்டுப் பெண்கள் வழியில் எத்தனை கடை இருந்தாலும் தாண்டி என்னிடம்தான் வருவார்கள். புளியை வாங்கிக்கொண்டு, அப்படியே மடியிலிருந்து கடிதத்தையும் எடுத்து நீட்டுவார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து வாசனை கிடையாது. நான் எட்டாவது வரை படித்தவன். ராசையா அண்ணாச்சி வாசித்தால் ஆளே நேரில் வந்து பேசுகிற மாதிரி இருக்கும் என்பார்கள்.

கடிதம் வாசிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. புருஷன் பெண்டாட்டிக்கு எழுதியதை மாமியாரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சுற்றி உட்கார்ந்துதான் கேட்பார்கள். அந்தரங்கமான வரி வந்தால் வாசிக்கிறவன் கண்ணாலேயே அதைத் தாண்டிப் போய்விட வேண்டும். பிறகு அந்தப் பெண் தனியாக வரும்போது மிச்சத்தைச் சொல்ல வேண்டும். அதுவும் முறைதான். நான் தாண்டுவது யாருக்கும் தெரியாது. குரல் தடுமாறாது.

நீலாவின் புருஷன் திருமலை, கல்யாணமான இருபதாம் நாள் பினாங்குக்குக் கப்பலேறினான். ஐம்பத்திரண்டில். அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. மாதம் ஒரு கடிதம், நுணுக்கி நுணுக்கி இரண்டு பக்கம் எழுதுவான். முதல் கடிதத்தை 'என் வஞ்சிரமே' என்று ஆரம்பித்திருந்தான். மீன்களில் அவனுக்கு ஒசத்தி அதுதான் போலிருக்கிறது. அவன் அம்மா முத்தம்மா பக்கத்தில் இருந்தாள். தாண்டினேன்.

மறுவாரம் நீலா தனியாக வந்தாள். சொல்லியிருக்கலாம், வாய் வரை வந்தது. சொன்னால் அவள் முகம் எப்படி மலரும் என்று நினைத்துப் பார்த்தேன். அது அவனுக்காக மலர்கிற முகம் என்றும் நினைத்தேன். கால் வீசைப் புளியை மடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

என் மனைவி சுகிர்தம் ஊரில் இருக்கிறாள். பதினாறு வருஷக் கல்யாணம். அவள் கடிதத்தில் மழை பெய்ததா, ஆடு குட்டி போட்டதா என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. நானும் அப்படித்தான் பதில் போடுவேன். கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்கிற ஒரு மூட்டைக்காரனுக்கு இப்படி எழுத வந்ததும், அதைக் கேட்க நீலா போல ஒருத்தி கிடைத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. பொறாமைதான், ஐயா. அதற்கு வேறு நல்ல பெயர் எனக்குத் தெரியவில்லை.

அவள் முட்டாள் இல்லை. ஒருநாள் கேட்டாள்: “ரெண்டு பக்கம் எய்திகீறாரு. நீ இம்மாந்தூண்டுதான் பட்ச்ச, அண்ணாச்சி?”

“ஒரே சங்கதியத் திருப்பித் திருப்பி எழுதியிருக்கான் தாயி. அத எத்தன மட்டம் வாசிக்க?” என்றேன். சிரித்துக்கொண்டே போனாள்.

போன ஆவணியில், கொக்கி விழுந்து இடது கையில் ஒரு விரல் போய்விட்டது என்று எழுதினான். அதையும் தாண்டினேன். பெற்றவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள், வயிறு எரியாதா? அடுத்த கடிதத்தில், ‘விரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே, வஞ்சிரமே’ என்று வருத்தப்பட்டிருந்தான். பதில் எழுதுகிறவனும் நான்தானே.

இதற்குள் அங்கே சட்டம் மாறிவிட்டது. பெண்டாட்டியை அழைத்துக்கொள்ள வேண்டுமென்றால், அவள் உண்மையிலேயே பெண்டாட்டிதானா என்று விசாரித்த பிறகுதான் பெர்மிட். திருமலை மனுப் போட்டான். ஐப்பசியில் இங்கே இருக்கிற பெர்மிட் ஆபீஸில் விசாரணைக்கு நீலாவைக் கூப்பிட்டார்கள். கல்யாணத்தில் போட்டோ எடுக்கவில்லை, பத்திரிகை அடிக்கவில்லை. அவளிடம் இருந்த அத்தாட்சி இருபத்தேழு கடிதங்கள்தான். தேதி வாரியாக அடுக்கி, கடைச் சணலால் கட்டிக் கொடுத்தது நான். சாட்சியாகக் கூடப் போனதும் நான்.

அதிகாரி தமிழர். நிதானமாகத்தான் கேட்டார்.

“உன் புருஷனுக்கு இடது கையில் என்னம்மா?”

“கையில இன்னா சார்? நல்லாத்தான் கீது.”

“கடிதத்தில் உன்னை என்னன்னு கூப்பிடறார்?”

“நீலான்னுதான்.”

அவர் கட்டைப் புரட்டினார். “உனக்கு வந்த கடிதம்தானா இதெல்லாம்?”

“ஆமா சார். எல்லாம் அண்ணாச்சிதான் பட்ச்சிக் காட்டினாரு. அவரையே கேளு.”

அவர் என் பக்கம் திரும்பினார். முழுசாக வாசித்தீர்களா என்று கேட்டார். அவள் என்னையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுத்துக்கு எழுத்து வாசிச்சேன் சார்,” என்றேன்.

இது உண்மையான கல்யாணம் என்று நம்ப இடமில்லை என எட்டாம் நாள் தபால் வந்தது. ஆபீஸிலிருந்து திரும்பும்போதே நீலா கேட்டிருந்தாள்: “அவுரு கையில இன்னாச்சி அண்ணாச்சி?”

“வேற எவனோ திருமலை காயிதம் கலந்துபோச்சு தாயி.”

நம்பினாள். “நீ கூட வந்தியே, அது போதும்,” என்றாள். அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவில்லை.

கடைசிக் கடிதம் போன வெள்ளிக்கிழமை கடை விலாசத்துக்கு வந்தது. ‘பெர்மிட் கிடக்கட்டும், வஞ்சிரமே. மாசிக் கப்பலில் நானே வந்துவிடுகிறேன். வலை இழுக்க ஒன்பது விரல் போதும்.’ நாலு தடவை வாசித்தேன். மாசி பிறக்கப் பத்து நாள்தான் இருந்தது. அவன் வந்து இறங்கினால் அப்புறம் எந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் என் கடைக்கு வருவாள்?

அன்று அவள் தனியாகத்தான் வந்தாள். வாசித்தேன். ‘எனக்கு இங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது, பெர்மிட் கிடைக்காததும் நல்லதுக்குத்தான், இனி எழுதாதே.’ குரல் தடுமாறவில்லை.

அவள் அழவில்லை. “இன்னொரு தபா படி அண்ணாச்சி,” என்றாள். படித்தேன். ஒரு சொல்கூட மாறாமல் படித்தேன். கடிதத்தை வாங்கி, மடிப்புக் கலையாமல் மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

அதை வீட்டு மாடத்தில் வைத்துவிட்டுத்தான் கடலுக்குள் போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உடல் கரை சேர்ந்த பிறகு, விசாரிக்க வந்த நீங்கள் அதை எடுத்து வாசித்தீர்கள். புருஷன் வருகிறான் என்று கடிதம் வந்தவள் எதற்குச் சாக வேண்டும் என்று தெரு முழுக்கக் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அவளுக்கு அதை வாசித்தது நான்தான். மற்றக் கடிதங்களில் வரிகளை விட்டேன். இதில் இல்லாததைச் சேர்த்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவளைச் சாகடிக்க நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. பதில் எழுதச் சொல்லி வருவாள், அழுவாள், நான் நாலு வார்த்தை ஆறுதல் சொல்வேன், அவ்வளவுதான் நினைத்தேன். சனிக்கிழமை முழுக்க, தாளையும் மைக்கூட்டையும் புளிமூட்டை மேல் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள்தான் வரவில்லை.