கறுப்பு மூக்குக் குண்டு

அட, இதுல சங்கடப்பட என்ன இருக்கு நடுவர் சார், விசாரிக்கத்தானே கூப்பிட்டீங்க. விசாரிங்க. நான் சுட்ட தோட்டாவ நான் அடைக்கல, வேற யாரோ அடைச்சுக் குடுத்தாங்கன்னு புகார். நம்ம துப்பாக்கிச் சங்கத்து விதி எனக்கும் தெரியும். அவங்கவங்க தோட்டா அவங்கவங்க கையால. புகார் நெசம்னா மொன்டானா அணியில நான் அவுட்டு, ரெண்டாவதா வந்தவர் உள்ள. அவ்வளவுதானே?

புகார் குடுத்தவர் பேர நீங்க சொல்ல வேண்டாம். விடுங்க.

எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையப் பாத்திருக்கீங்கல்ல? சாப்பாடு தவிர எல்லாம் இருக்கும். மான்கறிக் கிண்ணத்த மடியில வச்சுத்தான் சாப்பிடணும். எங்க வீட்டுக்காரர் ஹார்லன் பெட்டி பெட்டியா குண்டு வாங்கி, முள்ளு வச்ச வெர்னியர் அளவுகோலால ஒண்ணொண்ணா அளப்பார். ஒரே பெட்டிதான், ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காதே. அடியில இருந்து மூக்கு நுனி வரைக்கும் அளப்பார். ஒத்து வராததுக்கெல்லாம் மூக்குல கறுப்பு மைய வச்சு, காபி டப்பாவுல போட்டுருவார். பாதிரியார் நெத்தியில சாம்பல் வைப்பாரே, அந்த பக்தி.

அந்தக் கறுப்பு மூக்குதான் எனக்கு. உனக்கு இது போதும்பார்.

சிரிக்காதீங்க, நீங்களும் மூக்குலதான் அளக்குறீங்க. சங்கமே அப்படித்தான், அவர் சொல்லிக் குடுத்தது. அந்த மூக்க பூதக்கண்ணாடியில பாருங்க ஒருநாள். கோழி கொத்துன மாதிரி பிஞ்சு கெடக்கும். துப்பாக்கிக் குழலுக்குள்ள மூக்கு எங்கயும் இடிக்கிறதில்ல சார். அதுக்குக் கீழ குண்டோட உடம்பு வளைய ஆரம்பிக்குது பாருங்க, அந்தத் தோள்பட்டைதான் போய் முட்டும். அங்க அளக்கணும். சட்டை தைக்க யாராவது தொப்பிக்கு மேல இருந்து அளவு எடுப்பாங்களா?

இத ஒரு தடவ அவர்கிட்ட சொன்னேன். அடுப்புல ஏதோ அடிபிடிக்குது போய்ப் பாருன்னார். போய்ப் பாத்தேன். ஒண்ணும் பிடிக்கல.

அப்புறம் நான் ஏன் அவர்கிட்ட சொல்றேன்? அவர் வேட்டைக்குப் போயிருந்தப்ப டப்பாவ மேசையில கவுத்தேன். தோள்பட்டையில போய் உக்கார்ற மாதிரி ஒரு சின்ன வளையம் கெடைக்கும், அத வெர்னியர்ல மாட்டி அளந்து பிரிச்சேன். ஒண்ணாச் சேர்ந்தத மட்டும் எடுத்து, வெடிமருந்து போட்டு நானே தோட்டாவா அடைச்சேன். அதான் போட்டியில நீங்க பாத்தீங்களே, எல்லாம் ஒரே ஓட்டையில போச்சு.

இந்தாங்க, மிச்சத் தோட்டா. எல்லா மூக்கும் கறுப்பு. கறுப்பு மூக்க ஹார்லன் தன் கையால அடைப்பார்னு நினைக்கிறீங்களா? உசுரு போனாலும் மாட்டார். சரி, நம்ப வேண்டாம், அளங்க. மூக்குல... பாருங்க, முள்ளு பேய் பிடிச்ச மாதிரி ஆடுது. இப்ப வளையத்த மாட்டுங்க. அடுத்தது. அடுத்தது. ஏன் கண்ணாடியத் தொடைக்கிறீங்க? முள்ளு நகரல, அதானே? நகராது.

கோவமா? எனக்கா? இல்லியே. காலையில சாப்பிடுறப்பவே அவர் சொல்லிட்டார். ஆர்டிஸ், உன் தோட்டாவ நான்தான் அடைச்சேன்னு நடுவர்கிட்ட சொல்லப் போறேன், இல்லன்னா நீ ஜெயிச்சத எவன் நம்புவான்னார். பாவம், பொண்டாட்டிக்கு அடுத்து ரெண்டாவதா வந்தவர். வேற என்ன செய்வார்? இன்னும் ரெண்டு முட்டை பொரிக்கவான்னு கேட்டேன். பொரின்னார்.

அவர உள்ள கூப்பிடணுமா? தாராளமா கூப்பிடுங்க. முடிவ மட்டும் கொஞ்சம் பதமா சொல்லுங்க. வெளிய பனி கொட்டுது, வண்டிச் சாவி அவர்கிட்ட இருக்கு.