கல்லறைத் தோட்டத்து வாசல்

மாலை ஆறு மணி. ஊருக்கு வெளியே ஆளில்லாத சாலை. ஒரு பக்கம் மூடிக்கிடக்கும் நூற்பாலை. மறுபக்கம் பழைய கல்லறைத் தோட்டத்துச் சுவர்... இது என் நண்பனுடைய அக்கா கணவருக்கு நடந்தது. விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்கள், சொல்கிறேன்.

அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் அவர். ‘கமா’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்தத் தோட்டத்துக் கல்லெழுத்துகளைப் புத்தகமாகப் போடுகிறார்கள். பெயரும் தேதியும் சரிதானா என்று பார்க்கப் போயிருந்தார்.

இருநூறு வருஷத்துக் கற்கள். பாசியைச் சுரண்டிச் சுரண்டிப் படித்தார். ஒரு மாலுமி. ஒரு மருத்துவச்சி. ஒரே வாரத்தில் போய்விட்ட மூன்று குழந்தைகள்... எல்லாக் கல்லிலும் கடைசி வரி ஒன்றுதான்: ‘அமைதியில் துயில்கிறார்.’ இதை மட்டும் யார் சரிபார்த்தது என்று அவருக்குத் தோன்றியது. தாள்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

வாசலில் இரும்புக் கம்பிக் கதவு. பூட்டியிருந்தது.

உலுக்கினார். தொண்டை வறளக் கத்தினார். சுவரோ இரண்டு ஆள் உயரம். வேறு வழி தேடித் திரும்பி நடந்தார். பத்தடி போவதற்குள் எதிரே அதே கதவு. மறுபடி திரும்பினார்... மறுபடியும் அதே கதவு. ஈர மண் வாசனை மூக்கை அடைத்தது. மனைவிக்குப் போன் போட்டார்.

“என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. சீக்கிரம் வா!”

அவள் நர்ஸ். ஆஸ்பத்திரிச் சீருடையோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அவளைப் பார்த்ததும்தான் அவருக்குப் போன உயிர் திரும்பியது.

“வாட்ச்மேனைத் தேடு. சாவி வேணும்.”

“சாவி எதுக்குங்க?”

“கதவு பூட்டியிருக்கே, தெரியலையா?”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“எந்தக் கதவுங்க?”

கேட்டபடியே நேராக நடந்து வந்தாள். கம்பிகளின் ஊடாக... புகைக்குள் வருவதுபோல.

அவர் கையை இறுகப் பிடித்தாள்.

“கண்ணை மூடிக்குங்க. என் கையை விடாதீங்க.”

நடந்தார். ஜில்லென்று ஏதோ நெஞ்சில் புகுந்து முதுகு வழியாக வெளியேறியது. கண்ணைத் திறந்தால் சாலை. திரும்பிப் பார்த்தார். வெறும் கல் வளைவு. கதவே இல்லை. அவருடைய உள்ளங்கை இரண்டிலும் மட்டும் செக்கச்செவேலென்று துரு.

ஸ்கூட்டர் கிளம்பியது. அப்போதுதான் பின்னால்... கடகட... கடகட... இரும்பை உலுக்கும் சத்தம். ஒரு ஜோடிக் கை அல்ல. நூறு ஜோடி.

“உனக்குக் கேக்குதா?”

அவள் வண்டியை முறுக்கினாள்.