பம்பரம் கடித்த கை

மேடம், எனக்கு நடைப்பயிற்சி என்றாலே ஆகாது. உங்கள் காப்பகத்துக்கு நாய் கேட்டு வந்த அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது சும்மா படுத்துக் கிடக்கிற நாய் இல்ல சார், தினமும் ஒரு மணி நேரமாவது ஓட விடணும்" என்றீர்கள். "நாங்க ரெண்டு பேரும் காலையில நடக்கிறவங்கதான்" என்று நான் வாய் கூசாமல் சொன்னேன். பக்கத்தில் இருந்த என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நீங்கள் கவனிக்கவில்லை.

பம்பரம் என்று பெயர் வைத்தது அவள்தான். வீட்டுக்குள் விட்ட அரை நிமிஷத்தில் மூன்று அறைகளையும் சுற்றிவிட்டு வந்து எங்கள் காலில் விழுந்தது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

காலையில் அதைக் கூட்டிப்போவது என் வேலை. ஒரு நாளும் தவறவில்லை. பூங்காவின் பின்பக்கத்து பெஞ்சு வரை போவேன். கயிற்றை பெஞ்சின் காலில் கட்டிவிட்டு முக்கால் மணி நேரம் பேப்பர் படிப்பேன். அது கொஞ்ச நேரம் பெஞ்சோடு சேர்த்து ஓடப் பார்க்கும். பிறகு படுத்துக்கொண்டு, ஓடுகிற மற்ற நாய்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். காலையில் ஓட வேண்டியதை எல்லாம் பகல் முழுக்க வீட்டுக்குள் ஓடித் தீர்த்தது. "இவ்வளவு தூரம் நடந்துட்டு வந்தும் அடங்கலையே, எங்கருந்துதான் இதுக்குத் தெம்பு வருதோ" என்று அவள் ஆச்சரியப்படுவாள். நானும் கூடச் சேர்ந்து ஆச்சரியப்படுவேன்.

மூன்றாம் மாதம், மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கியவள்மேல் ஆசையாகத் தாவிவிட்டது. அவள் நாலு படி உருண்டாள். மணிக்கட்டில் கட்டு. அன்று சாயங்காலமே சொன்னாள்: "ஏங்க, நம்மளால முடியலன்னு சொல்லித் திருப்பிக் குடுத்துடலாம். ஓடியாடுற வயசுக்காரங்க யாராவது வச்சுக்கட்டும். இதுல என்ன இருக்கு?"

அவளுக்கு அதில் ஒன்றுமில்லை. எனக்கு இருந்தது. கடையில் குட்டி வாங்கிய என் மச்சானிடம், காப்பகத்தில் எத்தனை உயிர் ஆளில்லாமல் கிடக்கிறது என்று நாலு பேர் நடுவில் வாய் கிழியப் பேசியவன் நான். எனக்கு வேலை தரும் பல் டாக்டரம்மா, நானும் பம்பரமும் இருக்கும் படத்தைத் தன் வரவேற்பறையில் மாட்டியிருந்தார். முடியவில்லை என்று திருப்பிக் கொடுத்தால், "என்ன மாமா, மூணே மாசம்தானா?" என்று மச்சான் ஆயுசுக்கும் கேட்பான். உங்கள் முகத்திலும் முழிக்க வேண்டும். தப்பு நாயின் பக்கம் இருந்துவிட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றியது.

நீங்களே ஒருமுறை சொல்லியிருந்தீர்கள். "கடிச்சிடுச்சுன்னு பொய் சொல்லித் திருப்பி விடறவங்க நிறைய. அதனால காயத்தையும் பல்லையும் வச்சுப் பார்த்துத்தான் ஒத்துக்குவோம்."

பல் செட் செய்வது என் தொழில். பட்டறை வீட்டின் முன்னறையில்தான். மனிதர்களுக்கு அச்செடுக்கும் தட்டு நாயின் வாய்க்குச் சேராது. மெழுகுத் தகட்டைச் சூடாக்கி வளைத்து, பம்பரத்துக்கென்றே இரண்டு தட்டு செய்தேன். மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில் அச்செடுக்கும் பசையைக் குழைத்து நிரப்பி, அதன் மேல்வாயில் வைத்துப் பிடித்தேன். பசை இறுக இரண்டு நிமிஷமாகும். பெரிய பெரிய ஆட்களே குமட்டிக்கொண்டு தலையை ஆட்டிவிடுவார்கள். பம்பரம் ஆட்டவில்லை. எங்கள் வீட்டில் இருந்த நாட்களில் அது அசையாமல் உட்கார்ந்தது அந்த இரண்டு நிமிஷமும், கீழ்வாய்க்கு இன்னும் ஓர் இரண்டு நிமிஷமும்தான். வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கையை அசைக்கவில்லை. அசைத்தால் அச்சு கெட்டுவிடும்.

அந்த அச்சிலிருந்து, செட்டுக்குப் போடும் அதே அக்ரிலிக்கில் மேலும் கீழுமாக இரண்டு வரிசைப் பல் செய்தேன். பம்பரத்தின் கீழ்க் கோரைப்பல் ஒன்றில் முனை உடைந்திருக்கும்; அதுவரை அப்படியே வந்திருந்தது. நல்ல வேலை என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் இடது முன்கையில் வைத்து அழுத்தினேன். கைப்பலம் போதவில்லை. மேசையோரத்தில் சாமான்களை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் கையையும் பல்லையும் சேர்த்து வைத்து இறுக்கினேன். ரத்தம் வந்ததும் பல்லைத் துடைத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு அவளைக் கூப்பிட்டேன். அதற்குள் பம்பரம் ஓடிவந்து காயத்தை நக்க ஆரம்பித்துவிட்டது. அவள் உள்ளே வந்தபோது அதன் வாயெல்லாம் ரத்தம். அதை நான் திட்டமிடவில்லை. "ஐயோ, நான்தாங்க செல்லம் குடுத்துக் கெடுத்துட்டேன்" என்று அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நீங்கள் வந்தீர்கள். என் கையைப் பார்த்தீர்கள், அதன் வாயைத் திறந்து உடைந்த பல்லைப் பார்த்தீர்கள். பத்து நாள் தனியே வைத்துக் கவனிப்போம், காரணமில்லாமல் கடித்த நாயை இனி எந்த வீட்டுக்கும் கொடுக்க முடியாது, ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடுவோம் என்று தெளிவாகச் சொன்னீர்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பம்பரத்துக்கு வண்டி என்றால் உயிர். யாரும் தூக்காமலே உங்கள் வண்டியில் தாவி ஏறிக்கொண்டது.

பத்தாம் நாள் காலையில் ஃபோன் செய்தீர்கள். "சார், இங்க யார்கிட்டயும் ஒரு உறுமல்கூட இல்ல. ஓட்டப் பயிற்சி குடுக்கிற மாஸ்டர் ஒருத்தர் பார்த்துட்டு, எனக்குத்தான் வேணும்னு நிக்கிறார். கடிக்கிறதுக்கு முன்னாடி நீங்க தெரியாம வாலை கீலை மிதிச்சிருப்பீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு வார்த்தை போதும்."

அப்போது என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, என் கைக்கட்டைப் பிரித்து மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். மருந்து போடுவதை நிறுத்தினாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று முகத்தையே பார்த்தாள். காரணமே இல்லாமல் கடித்தது என்று பத்து நாளாக வீட்டிலும் வெளியிலும் சொல்லியாகிவிட்டது.

"இல்லீங்க மேடம். நான் சும்மாதான் நின்னுட்டிருந்தேன்" என்றேன்.

"சரி சார்" என்றீர்கள். பிறகு, "கை ஆறிடுச்சா சார்?" என்று கேட்டீர்கள். ஆறிவருகிறது என்றேன். அன்று மத்தியானம் அதற்கு ஊசி போட்டதாகப் பிறகு தெரிந்தது.

உங்கள் பதிவேட்டில் பம்பரத்தின் பெயருக்கு எதிரே கடிநாய் என்று இருக்கும். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். அது யாரையும் கடித்ததில்லை. வாலை மிதித்தேன் என்று இன்னொரு பொய் சொல்லியிருந்தால்கூட அது இந்நேரம் அந்த மாஸ்டரோடு ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கொன்றது நான். அந்தப் பல்லை இத்துடன் வைத்திருக்கிறேன். சட்டப்படி என்ன செய்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். என் மனைவிக்கு இது தெரிய வேண்டாம். தான் செல்லம் கொடுத்துத்தான் ஓர் உயிர் போயிற்று என்று இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள். அழுது தேறிவிடுவாள். நான்தான் என்று தெரிந்தால், பாவம், தாங்கமாட்டாள். அவளுக்காகத்தான் கேட்கிறேன்.