மதகுப் பூதத்தின் கையெழுத்து

இந்த மேடைக்குப் பெருமை சேர்க்கும் தலைவர், எழுத்தறிவு அலுவலர் மோகன்ராஜ் ஐயா அவர்களே, எங்கள் ஊருக்கு எழுத்தை எடுத்து வந்த ஆசிரியை தமிழ்செல்வி அக்கா அவர்களே, பொன்னேரிப் பக்கத்து மதகூரின் பெரியோர்களே, நாற்று நட்ட ஈரம் காயாமல் வந்திருக்கும் தாய்மார்களே, இடம் போதாமல் ஏரிக்கரையில் குனிந்து அமர்ந்திருக்கும் மதகுப் பூதம் அவர்களே, உங்கள் அனைவருக்கும் ஒன்பதாம் வகுப்பு பூமிகாவின் வணக்கம்.

எங்கள் முதியோர் வகுப்பு நடக்க இருபது பெயர் வேண்டும். இருப்பது பத்தொன்பது. இருபதாவது பெயரை ஏற்பதா, வகுப்பை மூடுவதா என்று தலைவர் இன்று சொல்லப்போகிறார். அந்த ஒரு பெயருக்காகவே பேச வந்தேன்.

ஏரி மதகைத் திறப்பதும் மூடுவதும் பூதத்தின் பொறுப்பு. தண்ணீர் வேண்டுவோர் பொன்னேரியில் மனு எழுதி வாங்கி, கைநாட்டு வைத்து, மதகுத் துளையில் செருகுவார்கள். மறுநாள் தண்ணீர் வரும். எழுதியவர் யார்? பொன்னேரிக்காரர். படித்தவர் யார்? பூதம் என்று நம்பினோம்.

கும்மிடிப்பூண்டியில் வேலை பார்க்கும் அன்புசெல்வன் மாமா ஒருமுறை காகிதங்களை மாற்றிவிட்டார். விடுப்புக் கடிதம் மதகுக்குப் போனது, தண்ணீர் வந்தது. தண்ணீர் மனு கம்பெனிக்குப் போனது, விடுப்பு கிடைத்தது. அப்போதும் நாம் ஐயப்பட்டோமா? இல்லை. மாமா, கையைத் தூக்க வேண்டாம், எல்லோருக்கும் தெரியும்.

சென்ற தை மாதம், கெங்கம்மாள் அத்தையின் நெல் அறுவடைக்கு நின்றது. ஒரு சாண் திறந்திருந்த மதகை மூடச் சொல்லி மனு கொடுத்தார். மூடச் சொன்ன மனு எங்கள் ஊரில் அதுவே முதல். விடிந்தபோது மதகு முழுதாகத் திறந்திருந்தது. முற்றிய கதிர் முழங்கால் நீரில் சாய்ந்து, சில நாளில் முளைவிட்டது.

அத்தை மதகடிக்குப் போய்க் கேட்டார்.

“இன்னாயா பூதம், மூடச் சொன்னா தொறந்துக்குற?”

“எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. கைநாட்டு இருந்தா தொறந்துடுவேன்.”

“இத்தினி வருசமா வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?”

“நீங்கல்லாம் படிச்சவங்க மாதிரி மனு குடுத்துக்கினு இருந்தீங்க. எனக்கு மட்டும் தெரியாதுன்னா வெக்கமா இருக்காதா?”

அத்தை வைத்ததும் கைநாட்டுதான்.

அடுத்த மாலையே, ஆள் வராமல் கிடந்த வகுப்புக்குப் பூதம் வந்தார்; அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். பலகையை மறைத்ததால் கடைசி வரிசைக்கு அனுப்பினோம். அத்தையும் அங்கேதான் அமர்ந்தார். பூதத்தோடு பேச மாட்டேன் என்றவர், தம் பல்பத்தை உடைத்துப் பாதியை அவரிடம் நீட்டினார்.

தலைவர் ஆதார் கேட்கிறார். முயன்றோம் ஐயா. அவர் கட்டைவிரல் வைத்ததும் கருவி இரண்டானது.

பிறப்புச் சான்று கேட்டா ஓர் எழுத்து நம்மிடம் வருகிறது? பிறந்த ஊர் பார்த்தா வருகிறது? உருவம் பார்த்தா வருகிறது? தெரியாது என்று சொல்லத் துணிந்தவரிடம் வருகிறது. அப்படி முதலில் சொன்னவர் எங்கள் ஊரில் பூதம்தான். மற்ற பத்தொன்பது பேரும் அவருக்குப் பின்னால் வந்தவர்கள்.

இன்று காலை அத்தை ஒரு மனு கொடுத்தார். பொன்னேரிக்குப் போகவில்லை, தாமே எழுதினார். ஒரே சொல்: மூடு. கீழே, கெங்கம்மாள். பூதம் அதை எழுத்துக்கூட்டிப் படிக்க மதியமாகிவிட்டது. மதகு இப்போது மூடியிருக்கிறது. ஐயப்படுவோர் திரும்பிப் பார்க்கலாம்.

ஐயா, பதிவேட்டை ஏரிக்கரைப் பக்கம் திருப்பி வையுங்கள். பேனாவுக்கு அவர் இன்னும் பழகவில்லை; அத்தை தந்த பல்பத்தால் பதிவேட்டின் கறுப்பு அட்டையில் எழுதுவார். மைப்பெட்டியை மட்டும் எடுத்துவிடுங்கள். கைநாட்டு வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், குனிந்தே கேட்ட அவருக்கும் நன்றி. வணக்கம்.