பழுப்பு ஏறாத கண்ணாடி

எனக்குத் தேநீரில் சீனி வேண்டாம், நன்றி. கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்கிறேன்.

என் பெயர் பஸ்லி. மாத்தளை டவுனில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் பதினாறு வருட வேலை. சத்திரசிகிச்சையில் எடுத்த சதையை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயமேற்றுவேன். மார்பில் புற்றுநோய் வந்தவர்களின் அக்குள் நிணநீர்க் கணுவும் எங்களிடம் வரும். அந்த நோய் தொடங்கும் மேலணிக் கலங்களுக்கே உரிய ஒரு புரதம் அங்கே இருக்கக் கூடாது. அதைத் தேடி ஒட்டிக்கொள்ளும் பிறபொருளெதிரியை விட்டுச் சாயமேற்றினால், புரதம் உள்ள இடம் பழுப்பாகும். பழுப்பு என்றால் நோய் பரவிவிட்டது. வெறும் நீலம் என்றால் நல்ல செய்தி.

வெசாக் விடுமுறைக்கு முதல்நாள் அந்தப் பிறபொருளெதிரிக் குப்பியைக் குளிர்பெட்டியில் வைக்க மறந்துவிட்டேன். மூன்று நாள் மேசையில் கிடந்தது. யாருக்கும் நடக்கக்கூடியதுதான். ஒவ்வொரு தடவையும் சரிபார்க்க அதே புரதம் உள்ள ஒரு தோல்துண்டையும் கூடவே சாயமேற்றுவோம். அது கட்டாயம் பழுப்பாக வேண்டும். அன்று ஆகவில்லை. என் பெயரில் அதுவரை ஒரு பிழையும் எழுதப்பட்டதில்லை. மேசை லாச்சியில் பழைய பழுப்புக் கண்ணாடி ஒன்று இருந்தது. திகதியை மாற்றி ஒட்டி, கண்ணாடிகளைப் பார்த்து அறிக்கை எழுதும் டொக்டர் தினுஷாவிடம் கொடுத்தேன். அவர் நம்பினார்.

புதுக் குப்பி வர ஏழு வாரமானது. அதற்குள் அந்தக் கெட்ட குப்பியிலேயே பத்தொன்பது பேர். எல்லோருக்கும் நல்ல செய்தி.

குப்பி வந்ததும் பத்தொன்பதையும் நானே மறுபடி சாயமேற்றினேன். அசட்டையானவன் அப்படிச் செய்வானா? நான்கு பழுப்பாகின. அவற்றின் சதையைச் சுரண்டிக் கழுவி வைத்தேன். ஒன்றைக் காட்டினால் மற்றதையும் கேட்பார்கள்.

நால்வரில் ஒருவர் இரத்தோட்டைப் பக்கம் கொழுந்து பறிக்கும் கிருஷ்ணம்மா. எட்டு மாதம் கழித்து மகள் ரஜனியோடு வந்தார்.

"ஒண்ணுமில்லன்னு காயிதம் குடுத்தீங்களே ஐயா. கைய தூக்க முடியலங்க. கழுத்துலயும் கட்டி தட்டுப்படுது."

"ரிப்போட்ல ஒண்டுமே இல்லயே. பாரம் கூட தூக்குறீங்க தானே, நரம்பு இழுத்திருக்கும்."

ரஜனி விடவில்லை. "அம்மாவோட துண்ட தாங்க சேர். கண்டியில காட்டணும்."

அவளுக்கு அந்த உரிமை உண்டு. மறுநாள் மெழுகுக் கட்டியைக் கொடுத்தேன். மேலே கிருஷ்ணம்மாவின் இலக்கம். உள்ளே வேறொருவரின் சதை, நீலமாகவே வரும் என்று எனக்குத் தெரிந்தது. கண்டியிலும் ஒன்றுமில்லை என்றார்கள். அவர் ஆறுதலாக மலைக்குத் திரும்பினார். முதுகெலும்பு முறிந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். போன மாதம் அடக்கம். ரஜனி புகார் கொடுத்தாள். அந்த மெழுகுக் கட்டியிலிருந்த சதை தாயுடையதல்ல என்று மரபணுச் சோதனையில் நீங்கள் கண்டுபிடித்தீர்கள்.

ஆம், மாற்றியவன் நான்தான். மற்ற மெழுகுக் கட்டிகளை உருக்கியதும், அந்த ஏழு வாரப் பதிவேட்டை எரித்ததும் நான்தான்.

மிச்ச மூவரின் பெயர்கள் எனக்கு நினைவிருக்கின்றன. ஒருவரைப் போன கிழமை பல்லேபொல பஸ்ஸில் கண்டேன். நோய் முற்றாகப் போய்விட்டது என்று பக்கத்துப் பெண்ணிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த நிம்மதியைக் கொடுத்தவன் நான். அதைப் பறிக்கும் அளவுக்குக் கல்நெஞ்சம் எனக்கில்லை. பெயர்களை மட்டும் கேட்காதீர்கள்.