குடியிருக்கக் கட்டாத கோபுரம்

கடற்காற்றுக்கு வெள்ளைச் சுண்ணாம்பைவிட மஞ்சள் பூச்சுத்தான் உகந்தது, இன்ஸ்பெக்டர் ஐயா. இந்தப் பொலிஸ் நிலையத்துக்கும் அதையே சொல்வேன்.

எங்கள் கல்முனைக்குடியில் ஆண்பிள்ளைக்கு வீடில்லை. பிறப்பது உம்மாவின் வீட்டில். மணமுடித்தால் பெண்சாதியின் வீட்டில். பெண்மக்களுக்கு ஆளுக்கொரு வீடு கட்டிச் சீதனமாக எழுதிக் கொடுக்க வேண்டும். வரிப்பத்தான்சேனையில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல் வைத்திருக்கும் இந்த மக்கீன் போடியார், சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் பெண்சாதி சபியா உம்மாவிடம் கேட்க வேண்டியிருந்தது. மூத்த மகள்கள் இருவருக்கும் வீடு கொடுத்தேன். அதன் பிறகு, எவரும் குடியேற முடியாதவற்றை மட்டுமே கட்டினேன்.

முதலில் கடற்கரைத் தோட்டத்தில் ஒரு வாசல். இரண்டு தூண், மேலே வளைவு, பின்னால் வெறும் தென்னை. அடுத்தது ஒரு மாடிப்படி, மாடி கிடையாது. ஏறி நின்று கடலைப் பார்த்துவிட்டு இறங்கலாம். கடைசியாகக் கோபுரம், உள்ளே வெறும் கூடு. காரைதீவுக்காரர் உள்ளே எந்தச் சாமி என்று கேட்டார்கள். நம்மவர் பாங்கு சொல்ல மோதினார் எங்கே என்றார்கள். ரசனை இல்லாதவர்களோடு நான் கதைப்பதில்லை.

ஐம்பத்தேழாம் ஆண்டில் கடைக்குட்டி ஜுனைதாவுக்குச் சாய்ந்தமருதிலிருந்து மாப்பிள்ளை வந்தது. பளீல், பள்ளிக்கூட வாத்தியார். அவனுடைய உம்மா தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “வாசல் இரிக்கி, படி இரிக்கி. ஊட்ட மட்டும் எங்க போடியார் ஒளிச்சி வெச்சிரிக்கீங்க?”

வீடு கட்டப்போவதில்லை என்றேன். பேச்சு முறிந்தது. பிள்ளைக்கு வயது ஏறுகிறது என்று சபியா உம்மா சோற்றைப் போடும்போதெல்லாம் சொன்னாள்.

நான் வயலில் வேளாண்மை வெட்டுக்குப் போயிருந்த சமயம், கோபுரத்தைக் கட்டிய மேசன் கனகரெத்தினத்தையே பிடித்து, அதன் அடியில் கடற்பக்கம் பெரிய சன்னல் வெட்டி, பக்கத்தில் ஓலைக் குசினியும் போட்டுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லியனுப்பியிருந்தாள். நான் திரும்பியபோது என் கோபுரத்தில் மீன் பொரியும் மணம். சீதனப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தேன். ஊரே நின்று பார்க்கும்போது வேறென்ன செய்வது?

கனகரெத்தினம் என்னைத் தனியே அழைத்தான். “இது சும்மா நிக்கிறத்துக்குக் கட்டின அத்திவாரம், போடியார். இப்ப சன்னலும் வெட்டியாச்சு. மாரி கழியட்டும், நான் கீழால பலமாக் கட்டித்தாறன். அதுவரைக்கும் இந்த முட்டுகள எடுக்க ஒண்ணா.” கடற்பக்கச் சுவருக்குப் பனங்குற்றிகளை முட்டுக்கொடுத்திருந்தான்.

ஜுனைதா நல்ல பிள்ளை. சன்னலுக்கு மருதமுனைச் சீலையில் திரை போட்டாள். கலியாணம் முடிந்த கையோடு, “வாப்பா, நீங்களும் எங்களோட வந்து இரிங்க. இது உங்கட ஊடுதானே” என்றாள். என் கோபுரத்தில் எனக்கு விருந்தாளியாக இடம் தந்தாள்.

அதையும் பொறுத்தேன். பனங்குற்றிகளைத்தான் பொறுக்க முடியவில்லை. இரு பக்கமும் கைகொடுத்து நிறுத்திய நோயாளியைப்போலக் கோபுரம் நின்றது. வானம் இருண்டு வந்த அன்று, பின்னேரம் அசர் தொழுதுவிட்டு, முட்டுகளைக் கிளப்ப அலவாங்கோடு போனேன். பளீல் உள்ளே கொப்பி திருத்திக்கொண்டிருந்தான். ஒரு குற்றியைத் தவிர மற்றவற்றைக் கழற்றியபோது ஜுனைதா திரையை விலக்கினாள்.

“ஏன் வாப்பா அதக் கழட்டுறீங்க?”

கனகரெத்தினம்தான் எடுக்கச் சொன்னான் என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். குடித்துவிட்டு, மிச்சமிருந்ததையும் எடுத்தேன்.

மழை விடவில்லை. விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு முன் சுவர் இறங்கிவிட்டது. இருவரையும் ஒன்றாகவே வெளியே எடுத்தார்கள்.

கனகரெத்தினத்தை நீங்கள் பிடித்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் வந்தேன். அவன்மேல் இரக்கம் என்று எண்ண வேண்டாம். கட்டிய குறையால் விழுந்தது என்று வழக்கில் பதிந்தால், என் வாசலையும் படியையும் பற்றி ஊர் அப்படித்தான் கதைக்கும். அது தானாக விழவில்லை. முட்டு இல்லாவிட்டால் விழும் என்று தெரிந்து, உள்ளே அவர்கள் இருப்பதும் தெரிந்து, நான் எடுத்தேன். அப்படியே எழுதுங்கள்.

ஒரு வேண்டுகோள். அவர்களை அடக்கிய அந்த இரண்டு கபுறுகளுக்கும் மேலே ஒரு குவிமாடம் கட்டக் கேட்டேன். பள்ளிவாசல் மரைக்கார்மார் மறுக்கிறார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். மூத்தவர்களுக்கெல்லாம் வீடு கொடுத்தவன் கடைசி மகளை வெறும் மணலில் விட்டுவிட்டான் என்று நாளை எவரும் சொல்லிவிடக் கூடாது.